ரனோங், தக்குவா பா, கிராபி: மூன்று நாள் இருந்தால் எந்த ஊர்?

தாய்லாந்தின் அந்தமான் கடலோரத்துக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் பூகெட்டில் இறங்கி, படகேறி, படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். சிலர் மட்டும் கிளம்புவதற்கு முன் கேட்கிறார்கள்: "அந்தத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த இடம் அங்கேதானாமே, மூன்று நாள் ஒதுக்கினால் எங்கே போகலாம்?"

தேடினால் மூன்று மாகாணங்கள் வந்து நிற்கும்: ரனோங், பாங்ஙா (தக்குவா பா இன்று இதற்குள்தான்), கிராபி. மூன்றிலும் பழைய தமிழ் எழுத்து கிடைத்திருக்கிறது. கடற்கரை விடுதிகளை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் மூன்றுமே ரப்பர், செம்பனை, மீன்பிடி என்று வாழும் நாட்டுப்புறம்தான். மூன்றின் வழியாகவும் நான்காம் எண் நெடுஞ்சாலை போகிறது. அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

இன்றைய மாகாணப் பெயரை வைத்து முடிவெடுத்தால் சிக்கல். இந்தக் கோடுகள் எல்லாம் புதியவை, அடிக்கடி அழித்து எழுதப்பட்டவை. ஊரைத் தேர்ந்தெடுங்கள், மாகாணத்தை அல்ல. ஏன் என்று சொல்ல, எல்லைகள் எப்படி மாறின என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## எல்லைகள் மாறிய கதை

பழைய சயாமில் "மாகாணம்" என்று ஒன்று கிடையாது. இருந்தது "முவாங்". ஊர் என்றும் அதைச் சுற்றிய ஆட்சி என்றும் இரண்டு பொருளும் தரும் சொல் அது. பெரிய முவாங்குக்குக் கீழே சின்ன முவாங்குகள். தெற்கில் பெரியது நக்கோன் சி தம்மராட். மேற்குக் கரை ஊர்கள் பலவும் அதற்கு அடங்கிக் கிடந்தன. ஆளுநருக்குச் சம்பளம் இல்லை, வரியிலும் கட்டணத்திலும் வருவதுதான் வருமானம். இதற்குத் தாய் மொழியில் பெயரே "கின் முவாங்", அதாவது ஊரைத் தின்பது. மறைத்துப் பேசும் பழக்கம் இல்லாத நிர்வாகம்!

1892-ல் உள்துறைக்கு வந்த இளவரசர் தம்ரோங் இதை மாற்றினார். பல முவாங்குகளைச் சேர்த்து "மொந்தொன்" என்ற பெரிய வட்டாரமாக்கி, மேலே பாங்காக்கின் ஆணையரை உட்காரவைத்தார். ஆளுநர்கள் சம்பளக்காரர்கள் ஆனார்கள். நம் மூன்று ஊர்களும் பூகெட் மொந்தொனில் சேர்ந்தன. 1916-ல் முவாங்குக்குச் "சங்வாட்" என்று பெயர் மாறியது. மாகாணம் என்று நாம் சொல்வது இதைத்தான். அதற்கு அடுத்த படியான "அம்போ" ஏறக்குறைய நம்மூர் வட்டம் போன்றது. 1933-ல் மொந்தொன்களும் போயின.

இதற்கு நடுவே உலகப் பொருளாதார மந்தம். அரசிடம் பணம் இல்லை. செலவைக் குறைக்க 1932 ஏப்ரல் 1 முதல் பல மாகாணங்களை அண்டை மாகாணங்களோடு சேர்த்துவிட்டார்கள். தெற்கில் மூன்று பெயர்கள் வரைபடத்திலிருந்து இறங்கின. லங் சுவான் சும்போனுக்குள் போனது, சாய் புரி பத்தானிக்குள், தக்குவா பா பாங்ஙாவுக்குள்.

## எதை வைத்து எடைபோடுவது

என் அளவுகோல்கள் நான்கு.

போய் நின்றால் கண்ணுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்பது முதலாவது. தொல்லியல் இடம் என்ற பெயரை நம்பிப் போய், ரப்பர் தோட்டத்தின் நடுவே ஒரு பலகையைப் பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு.

அடுத்தது, ஊர் ஏறியதும் இறங்கியதும் அந்த ஊரிலேயே தெரிகிறதா, இல்லை தாளில்தானா என்பது. மூன்றாவதாகப் பணம், மழை, தூரம்.

கடைசியாக, வீட்டுக்கு வந்த பின் தொடர்ந்து படிக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயரும் ஆண்டும் மாறிய ஊர்களில் இது பெரிய தலைவலி. தாய் ஆவணங்களில் 1889 முதல் 1912 வரை ரத்தனகோசின் ஆண்டு இருக்கும்; அதோடு 1781 கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் வரும் புத்த ஆண்டில் 543 கழிக்க வேண்டும். ஆனால் 1940 வரை தாய் ஆண்டு ஏப்ரல் 1-ல்தான் பிறந்தது. எனவே அந்தக் காலத்து ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத் தேதி என்றால் 542-தான் கழிக்க வேண்டும். தக்குவா பா இணைந்தது 1931 என்று ஒரு நூலும் 1932 என்று இன்னொன்றும் சொல்வதன் சூட்சுமம் இதுதான். ஆணை வெளியானது புத்த ஆண்டு 2474-ன் பிப்ரவரியில். கண்ணை மூடிக்கொண்டு 543 கழித்தவருக்கு 1931 வந்துவிடுகிறது.

## ரனோங்: ஒரு குடும்பத்தின் ஊர்

தாய்லாந்தில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாகாணங்களில் ஒன்று. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கழிமுகம். கழிமுகத்துக்கு அக்கரை மியன்மார். "ரே நோங்" என்றால் தாது நிரம்பி வழிவது, அதிலிருந்துதான் ரனோங் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். தாது என்றால் வெள்ளீயம்.

முன்பு சும்போனுக்குக் கீழே இருந்த இந்தச் சின்ன ஊரை உயர்த்தியது ஒரு குடும்பம். சீனத்தின் சாங்சோவிலிருந்து பினாங்குக்கு வந்து, அங்கிருந்து இந்தக் கரைக்கு வந்த காவ் சூ சியாங், வெள்ளீய வரியைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு ஆளுநரானார். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரனோங் நேரடியாகப் பாங்காக்கின் கீழ் வந்தது. 1876-ல் சீனச் சுரங்கத் தொழிலாளர் கலவரம் வெடித்தபோதும் குடும்பத்தின் பிடி தளரவில்லை. 1882-ல் அவர் இறந்தபோது பிள்ளைகள் தயாராக இருந்தார்கள். ஒருவர் ரனோங்கில், ஒருவர் லங் சுவானில், ஒருவர் முதலில் கிரா புரியில், பிறகு திராங்கில். அந்தக் கடைசி மகன் காவ் சிம் பீ, பின்னாளில் பூகெட் மொந்தொனின் ஆணையரானார். 1913-ல் கந்தாங்கில் சுடப்பட்டு இறந்தார். "ஊரைத் தின்ற" கடைசித் தலைமுறையும் சம்பள ஆணையர்களின் முதல் தலைமுறையும் ஒரே வீட்டில் இருந்தது என்று சொல்லலாம். பிள்ளைகள் ஆண்ட கிரா புரி இன்று ரனோங்கின் ஓர் அம்போ. லங் சுவான் சும்போனின் ஓர் அம்போ. குடும்பப் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது: "ந ரனோங்", ரனோங்கைச் சேர்ந்தவர்.

ஆளுநர் குடும்பத்தின் பழைய வீட்டு வளாகமும், மலைச்சரிவில் சீன முறையில் அமைத்த காவ் சூ சியாங்கின் கல்லறையும் பார்க்கக் கிடைக்கும். 1890-ல் சயாம் அரசர் ஐந்தாம் ராமர் வந்து தங்கிய மாளிகையின் மறு உருவையும் கட்டியிருக்கிறார்கள். ஊருக்குள்ளேயே வெந்நீர் ஊற்று. நடந்து அலுத்த காலுக்கு நல்லது.

சரி, தமிழ் எழுத்து? சுக் சம்ரான் அம்போவில் உள்ள புகாவ் தோங்கில் தாய், பிரெஞ்சு ஆய்வாளர்கள் தோண்டியபோது தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ் பிராமி பொறித்த பானை ஓடு ஒன்று கிடைத்தது, காலம் கி.பி. 2-ஆம் நூற்றாண்டு. எஞ்சியிருந்தது மூன்று எழுத்து: "து ற ஓ". "துறவோன்" என்ற சொல்லின் துண்டாக இருக்கலாம் என்றார் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். "ற" இருப்பதால் மொழி தமிழ்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. மூன்று எழுத்துதான், ஆனாலும் மனசு அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் ஓட்டைத் தேடி அந்த நிலத்துக்குப் போய்ப் பயனில்லை. இன்னொன்று, சுக் சம்ரான் மாகாணத்தின் தென்கோடி. ரனோங் நகருக்கும் தக்குவா பாவுக்கும் ஏறக்குறைய நடுவழி. முன்பு கபோ அம்போவுக்குள் இருந்து, பிரிந்து, 2007-ல்தான் முழு அம்போவானது. பழைய அறிக்கைகளில் தேடும்போது கபோ என்ற பெயரிலும் தேடுங்கள்.

இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. 1943-ல் ஜப்பானியப் படை சும்போனிலிருந்து இந்தப் பக்கம் லா உனில் உள்ள காவ் ஃபாச்சி வரை, கிரா பூசந்தியின் குறுக்கே ஒரு ரயில் பாதை போட்டது. அதற்கு மலாயாவிலிருந்து கொண்டுவந்த கூலிகளில் தமிழர்களும் இருந்தார்கள். மரண ரயில் பாதை என்றால் காஞ்சனபுரிதான் நினைவுக்கு வரும். இதைப் பேசுவோர் குறைவு.

மறைந்திருக்கும் செலவு மழை. "எட்டு மாதம் மழை, நாலு மாதம் வெயில்" என்பது ரனோங்குக்குத் தாய்லாந்தே வைத்த பெயர். மே முதல் அக்டோபர் வரை மூன்று நாள் திட்டம் போட்டால் ஒரு நாளை மழைக்கு எழுதிவையுங்கள். விமான நிலையம் சிறியது, பாங்காக்கிலிருந்து வரலாம். ரயில் இல்லை, கிட்டத்து நிலையம் சும்போன்.

## தக்குவா பா: பதவி இழந்த ஊர்

நான் அதிகம் பேசப்போவது இதைப் பற்றித்தான், முன்பே சொல்லிவிடுகிறேன்.

கல்வெட்டுக்குத் தக்குவா பா கல்வெட்டு என்று பெயர். ஆனால் அது கிடைத்த காவ் பிரா நாராய், அதாவது நாராயணர் மலை, இன்று கபோங் அம்போவில், பாங்ஙா மாகாணத்தில் இருக்கிறது. கல்வெட்டு அறிஞர்கள் கைக்கு வந்த நாளில் தக்குவா பா ஒரு தனி மாகாணம், கபோங் அதற்குள் அடக்கம். மாகாணம் போய்விட்டது, கல்லின் பெயர் நின்றுவிட்டது.

கல்லில் இருப்பது சில வரிகள், அதிலும் சிதைவு. ஒருவர் ஒரு குளம் தோண்டுகிறார். குளத்தின் பெயர் அவனிநாரணம். அதைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர், சேனாமுகத்தார் முதலியோருக்கு. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். எனவே 9-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் படித்தார், பிறகு வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி விரிவாக எழுதினார். என்னைக் கவர்வது அரசன் பெயர் அல்ல. வணிகக் குழு ஒன்று கடல் கடந்து வந்து, குளம் வெட்டி, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் நியமிக்கிறது என்றால், வந்தவர்கள் சரக்கை இறக்கிவிட்டு அடுத்த காற்றில் திரும்பவில்லை, தங்கியிருக்கிறார்கள்.

இப்போது மலையடியில் கல்வெட்டு இல்லை, அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அதோடு கிடைத்த, மரத்தின் வேர் சுற்றிப் பிடித்திருந்த திருமால் சிலைத் தொகுதி பூகெட்டின் தலாங் தேசிய அருங்காட்சியகத்தில். இதே வட்டாரத்தில் கிடைத்த இன்னும் பழைய, நெடிய முடி தரித்த திருமால் பாங்காக்கில். இதுதான் தக்குவா பாவின் மறைந்திருக்கும் செலவு: ஊரின் மிகச் சிறந்த பொருளைப் பார்க்க ஊரை விட்டு வெளியே போக வேண்டும். தாய்லாந்தின் தேசிய அருங்காட்சியகங்கள் பலவும் திங்கள், செவ்வாயில் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆனால் ஊரில் மிச்சம் இருப்பதும் கொஞ்சம் இல்லை. கழிமுகத்துக்கு எதிரே கோ கோ காவ் தீவு. அதில் தூங் துக் என்ற இடத்தில் செங்கல் அடித்தளங்கள் தெரியும். சீனத் தாங் காலப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் கிடைத்த துறைமுகம் அது. பான் நாம் கெம் துறையிலிருந்து படகில் போகலாம். 2004 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் ஒன்று பான் நாம் கெம். அங்கே நினைவிடம் இருக்கிறது, அவசரமாகக் கடந்து போய்விடாதீர்கள்.

அப்புறம் பழைய கடைத்தெரு. வெள்ளீயப் பணத்தில் கட்டிய, முகப்பில் வளைவும் நீண்ட நடைபாதையும் கொண்ட சீனக் கடைவீடுகள் இரு பக்கமும் நிற்கின்றன. பூகெட் பழைய நகரத்தில் பார்ப்பதேதான், ஆனால் வண்ணம் உதிர்ந்து, கூட்டம் இல்லாமல். ஆளுநர் மாளிகையைச் சுற்றியிருந்த மதிலின் பகுதியும் இருக்கிறது. சுரங்க மண் ஆற்றைத் தூர்த்தது, கப்பல் நின்றது, 1932-ல் மாகாணப் பதவியும் போனது. இன்றைய பேருந்து நிலையமும் சந்தைச் சுறுசுறுப்பும் சில கிலோமீட்டர் தள்ளி யான் யாவ் பக்கம். பதவி போனதால்தான் இந்தத் தெரு தப்பியது என்பது என் கணிப்பு. மாகாணத் தலைநகராக நீடித்திருந்தால் அகலச் சாலையும் கான்கிரீட் அலுவலகமும் வந்து எல்லாவற்றையும் விழுங்கியிருக்கும்.

இன்னொரு வேடிக்கை. இங்கே இன்றும் ஒரு நீதிமன்றம் "தக்குவா பா சங்வாட் நீதிமன்றம்" என்ற பெயரில் இயங்குகிறது. மாகாணமே இல்லை, மாகாண நீதிமன்றம் உண்டு. லங் சுவானிலும் இதே கதைதான்.

ரனோங் இதைவிடச் சிறியது, அது மட்டும் எப்படித் தப்பியது? பிரிட்டிஷ் பர்மாவின் எல்லையில் இருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். எல்லையில் ஓர் ஆளுநர் வேண்டும். உள்ளே இருக்கும் ஊருக்கு அண்டை ஊரின் ஆளுநரே போதும்.

சரி, இணைத்துக்கொண்ட பாங்ஙாவாவது பழைய பெரிய ஊரா? அதுவும் இல்லை. 1809-ல் பர்மியப் படை தலாங்கை, அதாவது இன்றைய பூகெட்டை, அழித்தபோது தப்பி வந்தவர்களால் வளர்ந்த ஊர் அது. நந்திவர்மன் காலத்துத் துறைமுகம் இரண்டு நூற்றாண்டைச் சற்றே தாண்டிய ஊருக்குக் கீழே வட்டமாக இருக்கிறது. அரசாங்கக் கணக்கில் வயதுக்கு மரியாதை கிடையாது.

தங்குமிடத்தில் மட்டும் கவனம். காவ் லாக் கடற்கரையும் இதே தக்குவா பா அம்போதான். அங்கே வெளிநாட்டுச் சுற்றுலா விலை. பழைய நகரப் பக்கம் விலை குறைவு, மாலையில் கடைகளும் குறைவு. கபோங்குக்கும் தீவுக்கும் வண்டி வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும். பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஸ்கூட்டர் எடுத்து, வழியில் அபராதம் கட்டி, அதை "பயணச் செலவு" என்று எழுதாதீர்கள்.

## கிராபி: எழுத்தும் கடற்கரையும்

மூன்றில் வயதில் இளைய நிர்வாகம் இதுவே. நக்கோன் சி தம்மராட்டிலிருந்து யானை பிடிக்க அனுப்பப்பட்டவர்கள் பகாசாய் என்ற இடத்தில் கொட்டம் அமைத்தார்கள், சுற்றிலும் குடியிருப்பு வளர்ந்தது என்பது ஊர்க்கதை. 1872-ல் ஐந்தாம் ராமர் அதை ஊராக உயர்த்திக் கிராபி என்று பெயரிட்டார். கிராபி என்றால் வாள். 1875-ல் நக்கோனிடமிருந்து பிரிந்து நேராகப் பாங்காக்கின் கீழ் வந்தது. 1900-ல் தலைமையிடம் பழைய சந்தைப் பகுதியிலிருந்து ஆற்று முகத்துக்கு, பெரிய கலங்கள் வந்து நிற்க வசதியான இன்றைய இடத்துக்கு மாறியது. அவ்வளவுதான். நகரத்தில் இந்தக் கதைக்குச் சாட்சியாக நின்று பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

பார்க்க வேண்டியது தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் உள்ள க்லோங் தொம். அங்கே மணிமேடு என்றே பொருள்படும் குவான் லுக் பாட். கண்ணாடி மணி, கல்மணி, அரைகுறையாகச் செய்த மணி என்று அள்ள அள்ள வந்த இடம். தோண்டி விற்றவர்கள் கொண்டுபோனதுதான் அதிகம். தப்பியதில் ஒரு பகுதி வாட் க்லோங் தொம் கோயில் வளாகத்து அருங்காட்சியகத்தில் சேர்ந்தது. அதில் ஒரு சின்ன உரைகல். தங்கத்தை உரசிப் பார்க்கும் கல்தான். அதில் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டின் தமிழ் பிராமியில் "பெரும்பதன் கல்". பெரும்பத்தனின் கல், அதாவது தலைமைப் பொற்கொல்லர் ஒருவரின் கருவி. பல்லவன் பட்டமும் இல்லை, வணிகக் குழுவின் பெயரும் இல்லை. என் சாமானை எடுக்காதே என்று பெயர் எழுதிவைத்த ஓர் ஆசாரி.

க்லோங் தொமுக்கும் தக்குவா பாவுக்கும் ஒரு பழைய வழக்கும் உண்டு. இராசேந்திர சோழன் மெய்க்கீர்த்தி "கலைத்தக்கோர் புகழ் தலைத்தக்கோலமும்" என்கிறது. பழங்காலப் புவியியலாளர் தாலமி சொல்லும் தக்கோலா துறைமுகமும் அதுதானா, அது எந்த ஊர்? பெயரொற்றுமையால் தக்குவா பா என்றார்கள் பலர். கிடைத்த பொருள்களின் பழமையைப் பார்த்து க்லோங் தொம் பக்கம் என்பவர்களும் உண்டு. தக்குவா என்பது தாய் மொழியில் ஈயத்துக்கான சொல் என்பதால், பெயரை மட்டும் நம்பி வழக்கை முடிக்க எனக்குத் தயக்கம்.

கிராபியின் செலவு வேறு மாதிரி. விமான நிலையம் வசதி, வண்டி சுலபம். ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆவ் நாங் கடற்கரைப் பக்கம் அறை விலை ஏறிவிடும். க்லோங் தொமில் அரை நாள் போதும், மீதி இரண்டரை நாளும் கடலுக்குத்தான் போகும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது செலவு இல்லை, லாபம்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | ரனோங் | தக்குவா பா | கிராபி / க்லோங் தொம் |
|---|---|---|---|
| தமிழ்ச் சான்று | பானை ஓடு, கி.பி. 2-ஆம் நூ. | கல்வெட்டு, 9-ஆம் நூ. | உரைகல், கி.பி. 3–4-ஆம் நூ. |
| சான்று ஊரிலேயே உண்டா | இல்லை | இல்லை | கோயில் அருங்காட்சியகத்தில் |
| ஆட்சிக் கதை | சும்போனுக்குக் கீழ் இருந்து உயர்ந்தது | மாகாணம், 1932 முதல் அம்போ | 1872-ல் ஊர், 1875-ல் தனி |
| கண்ணுக்குத் தெரிவது | ஆளுநர் வீடு, கல்லறை | கடைத்தெரு, மதில், தூங் துக் | மணிகள் |
| மறைந்த செலவு | மழை | வண்டி, பூகெட் வரை ஒரு நடை | சீசன் விலை |
| ரயிலில் வந்தால் இறங்கும் நிலையம் | சும்போன் | சூராட் தானி | சூராட் தானி |

## யாருக்கு எது

தமிழ் எழுத்து இருக்கும் இடத்தையே தேடிப் போக வேண்டும், குழந்தைகளும் கூட வருகிறார்கள் என்றால் கிராபி. யோசிக்கவே வேண்டாம். உரைகல்லைப் பார்ப்பதுதான் நோக்கம் என்று கோயிலில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

பினாங்கிலிருந்து கிளம்புகிறவர்களுக்கும், ஆட்சி எப்படிக் குடும்பத்தின் கையிலிருந்து அலுவலகத்தின் கைக்குப் போனது என்பதில் ஆர்வம் உள்ளவர்களுக்கும் ரனோங். 1943 ரயில் பாதையைத் தேடுகிறவர்களுக்கும் அதுதான். டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள்.

மற்றவர்களுக்குத் தக்குவா பா. அதிலும் பூகெட்டில் எப்படியும் இறங்குகிறவர்கள் என்றால் கூடுதல் செலவு மிகக் குறைவு. விமான நிலையத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். முதல் நாள் பழைய கடைத்தெருவும் மதிலும். இரண்டாம் நாள் காலையில் படகேறித் தூங் துக், மாலையில் கபோங், ஆறுகள் கூடும் இடத்தில் மலையடி. மூன்றாம் நாள் தெற்கே இறங்கி, விமானத்துக்கு முன் தலாங்கில் அந்தத் திருமாலைப் பார்த்துவிடலாம். திங்கள் கிளம்பினால் மூன்றாம் நாள் புதன் வரும், கதவு திறந்திருக்கும்.